அடி பிறக்கும் இடம்

தமிழில் ‘அடி’ என்றால் பாதம். ‘அடி’ என்றால் மட்டையால் ஓங்கி விடுகிற வீச்சும்தான். மேசைப்பந்து ஆட்டத்தில் இவ்விரு பொருள்களும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடையவை. பதினான்கு வயதான எங்கள் மகளின் வலது தோள் வலிக்கத் தொடங்கியதால் இதைப் பற்றிப் படிக்கவும், கணக்கிட்டுப் பார்க்கவும், அவளுடைய பயிற்சியை அருகிலிருந்து கவனிக்கவும் நேர்ந்தது. விளையாடும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் திருத்தணியில் வசிக்கிறோம். மலை, முருகன் கோவில், 365 படிகள் என்று வெளியூர்க்காரர்கள் அறிந்த ஊர். 1960இல்தான் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே கடைத்தெருவில் இன்றும் தமிழும் தெலுங்கும் உருதுவும் கலந்தே ஒலிக்கும். என் மாமனார் துணி வியாபாரி. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கத்து நெசவாளர்களோடு அவருக்கு ஆயுள் முழுதும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். விளையாட்டுக்கும் எனக்கும் அதற்கு மேல் தொடர்பு இல்லை.

மகள் ஒன்பது வயதில் மட்டையைப் பிடித்தாள். தகரக் கூரை போட்ட ஒரு கூடம், அதில் இரண்டு மேசைகள். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார். எல்லைக்கு அப்பாலுள்ள சிற்றூர்க்காரர். தெலுங்கு வாடையோடு பேசும் அவருடைய தமிழ் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். அஸர் தொழுகைக்குப் பின் போய் மஃரிபுக்குள் வீடு திரும்புவது எங்கள் ஏற்பாடு. முழுக்கைச் சட்டை, முழுக்காற்சட்டை, தலைமறைப்பு ஆகியவற்றோடுதான் ஆடுகிறாள். இதைப் பற்றி நம் வீடுகளில் பலர் கேட்கிறார்கள். போட்டிகளில் அரைக்காற்சட்டை தவிர்த்த உடைக்கு நடுவரின் அனுமதி வேண்டும் என்பதால் முன்னரே கேட்டுக்கொள்கிறோம். இதுவரை மறுத்தவர் இல்லை.

சென்ற ஆண்டு பயிற்சியை வாரம் ஐந்து நாளாக உயர்த்தினாள். நாளொன்றுக்கு அறுநூறு, எழுநூறு அடிகள். ஓரிரு மாதங்கள் கழிந்தபின் ஒரு நாள் வீட்டில் சேர்ந்து தொழுதபோது, அவள் தக்பீருக்கு இடக்கையை ஒழுங்காக உயர்த்தி, வலக்கையைப் பாதியில் நிறுத்திவிட்டதைக் கவனித்தேன். தொழுது முடித்தபின் கேட்டேன். “ஒண்ணுமில்லைம்மா” என்றாள். அன்றிரவு தலை பின்னிக்கொள்ளக் கையைப் பின்னால் கொண்டுபோக முடியாமல் என்னிடம் சீப்பை நீட்டியபோதுதான் உண்மை வெளிவந்தது. மூன்று வாரமாக வலியாம். சொன்னால் ஆட விடமாட்டோம் என்று மறைத்திருக்கிறாள்.

வீட்டில் ஒரு சிறு ஆலோசனைக் கூட்டமே நடந்தது. எலும்பு, மூட்டு என்றாலே எங்கள் பக்கத்தில் முதலில் நாவில் வருவது புத்தூர்க் கட்டு. மாமி உடனே, “நாளைக்கே புத்தூர் போய்க் கட்டிட்டு வாங்க” என்றார். முறிவு எதுவும் இல்லையே என்று என் கணவர் தயங்கினார். நாத்தனார் வேறொரு பேச்சை எடுத்தார்: “அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. பொம்பளப் புள்ள. இதையே சாக்கா வச்சு நிறுத்திடுங்க அண்ணி.” மகள் ஒன்றும் பேசாமல் தன் மட்டையின் ரப்பரை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி மௌனமாக இருந்தது அழுததைவிட எனக்குக் கடினமாக இருந்தது.

அரக்கோணத்தில் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். கிழிசல் எதுவும் இல்லை, தோளைத் தாங்கும் தசைகள் அளவுக்கு மீறி உழைத்துக் களைத்திருக்கின்றன என்றார். மூன்று வாரம் ஓய்வும் சில பயிற்சிகளும் சொன்னார். பிறகு அவர் கேட்டதுதான் முக்கியம். “எப்படி அடிப்பாய், காட்டு” என்று அறையின் நடுவில் அவளை நிறுத்தினார். வெறுங்கையால் வீசிக் காட்டினாள். அவர் அவளுடைய கையைப் பார்க்கவில்லை; கால்களையே பார்த்தார். “பாதம் நட்டு வைத்ததுபோல் நிற்கிறது. எல்லா வேலையையும் தோளே செய்கிறது” என்றார். ரயிலில் திரும்பி வரும்போது என் மனத்தில் அந்தச் சொற்களே ஓடிக்கொண்டிருந்தன.

எனக்கு முதலில் விளங்காதது ஒன்று. மேசைப்பந்தின் எடை 2.7 கிராம். மட்டை ஏறத்தாழ 180 கிராம். இவ்வளவு இலேசான பொருள்களால் ஒரு தோள் எப்படிப் பழுதாகும்? கிரிக்கெட் பந்து என்றாலாவது நம்பலாம். விடை பந்தில் இல்லை, கையில் இருக்கிறது. மனிதக் கை, தோளிலிருந்து விரல் நுனி வரை, உடல் எடையில் சுமார் இருபதில் ஒரு பங்கு. 45 கிலோ எடையுள்ள சிறுமிக்கு அது இரண்டேகால் கிலோ. ஒவ்வோர் அடிக்கும் அந்த இரண்டேகால் கிலோவை நின்ற நிலையிலிருந்து வேகப்படுத்த வேண்டும். பந்து போன பிறகு அதே வேகத்தை நிறுத்தவும் வேண்டும். பந்து மட்டையில் தங்குவதோ நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆக, தோள் படும் பாட்டில் பந்துக்காகப் படுவது மிகச் சிறிது. பெரும்பகுதி தன் கையையே எறிந்து தன் கையையே பிடித்துக்கொள்ளும் பாடு.

அதிலும் பிடிக்கும் வேலைதான் கடினம். தோள்மூட்டு விசித்திரமான அமைப்புடையது. இடுப்பில் தொடையெலும்பின் உருண்டைத் தலை ஆழமான கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கிறது. தோளிலோ கிண்ணம் ஆழமற்றது. தட்டில் வைத்த எலுமிச்சம்பழம்போல் எலும்பின் தலை அதன்மேல் நிற்கிறது. அதனால்தான் கையை எத்திசையிலும் சுழற்ற முடிகிறது. அந்தச் சுதந்திரத்துக்கு ஈடாக, எலும்புத் தலை நழுவாமல் நான்கு சிறு தசைகள் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வீச்சு முடியும் தறுவாயில் பின்புறத் தசைகள் நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். சுருங்கி வேலை செய்வதைவிட நீண்டுகொண்டே வேலை செய்வது தசையைக் கூடுதலாக நோகச் செய்யும். மலைப்படி ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் மறுநாள் தொடை வலிப்பது இறங்கியதால்தான் என்பது எங்கள் ஊரில் எல்லோரும் அறிந்தது, காரணம் இதுவே. அதை ஒரு மாலையில் எழுநூறு முறை, வாரம் ஐந்து நாள் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, தோள் செய்யாவிட்டால் வேகம் எங்கிருந்து வரும்? ஒரு சிறு கணக்கை வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஒருவர் தோளையோ முழங்கையையோ அசைக்காமல், மட்டையை நீட்டியபடி, உடலை மட்டும் நொடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் திருப்புகிறார். முழுச் சுற்று சுற்றவேண்டியதில்லை. கால் சுற்று போதும், வேகம் மட்டும் அவ்வளவு. முதுகெலும்பிலிருந்து மட்டை 70 செ.மீ. தள்ளி இருக்கிறது. மட்டையின் வேகம் என்ன? இரண்டு பெருக்கல் இருபத்திரண்டின் கீழ் ஏழு பெருக்கல் 0.7. நொடிக்கு 4.4 மீட்டர். தோள் தசை ஒரு துளியும் செலவழிக்காமல் கிடைக்கும் முதலீடு இது. இதன்மேல்தான் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன.

இடுப்பைத் திருப்புவது எது? கால். வலக்கை ஆட்டக்காரர் ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போது வலது பாதத்தைச் சற்றுப் பின்னே வைத்து, முழங்காலை மடக்கி, எடையை அதன்மேல் ஏற்றுகிறார். பிறகு பாதத்தின் முன்பகுதியால் தரையைத் தள்ளுகிறார். தரை அவரைத் திருப்பித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. அந்தத் தள்ளல் முழங்கால் வழியாக இடுப்புக்கு ஏறி அதைத் திருப்புகிறது. இடுப்பு திரும்பத் தொடங்கியபின் ஒரு நொடியின் சிறு பங்கு தாமதித்தே மார்பும் தோளும் திரும்புகின்றன. அந்தச் சிறு இடைவெளியில் வயிறு, முதுகுத் தசைகள் முறுக்கிய கயிறுபோல் இழுபடுகின்றன. விடும்போது இழுபட்ட வேகமும் சேர்ந்து வருகிறது. பின் மேற்கை, முன்கை, கடைசியில் மணிக்கட்டு. ஒன்று வேகம் தணியும்போது அடுத்தது வேகம் பிடிக்கிறது. சாட்டையின் பிடி நின்றபின் நுனி பறப்பதும் இவ்வாறே. உடலியக்கவியல் படிப்பவர்கள் இதற்கு இயக்கச் சங்கிலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஜப்பானிய ஆய்வாளர்களான ஈனோவும் கொஜிமாவும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். தேர்ந்த ஆட்டக்காரர்களும் நடுத்தர ஆட்டக்காரர்களும் அடிக்கும் ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின்னை அவர்கள் படம்பிடித்து அளந்தார்கள். மட்டையின் வேகத்தில் உடலின் கீழ்ப்பகுதியின் சுழற்சிக்கு உள்ள பங்கு தேர்ந்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. கை வலிமையைப் பெருக்குவதே முன்னேற்றம் என்று எண்ணும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு டம்பெல் வாங்கிக் கொடுக்கும் முன் அது நிற்கும் விதத்தைப் பாருங்கள் என்பேன்.

மகளுக்கு இதை இயற்பியல் வழியாக விளக்கியபோது அவள் பாதி கேட்டாள், பாதி கொட்டாவி விட்டாள். அவளுக்குப் புரிந்தது வேறொரு வழியில். சிறுமியாக இருந்தபோது மாமனார் அவளை நெசவாளர் வீடுகளுக்கு அழைத்துப்போவார். குழித்தறியில் நெசவாளர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அமர்ந்து மிதிகட்டையை மிதிப்பார். பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரியும். அதன் பிறகே கை நாடாவை எறியும். கை முந்திவிட்டால் நாடா நூலில் சிக்கும், இழை அறும். “அப்போ நான் மிதிக்காமலே நாடா எறியறேன், அப்படித்தானேம்மா?” என்றாள். இரண்டு நாளாக நான் கரும்பலகையில் எழுதியதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

பயிற்சியாளரிடம் மருத்துவர் கூறியதைச் சொன்னோம். அவர் வருத்தப்படவில்லை. “டீச்சர், இதைத்தான் நானும் ஒரு வருஷமா கத்தறேன். கை கடைசியா வரட்டும் பாப்பா, கை கடைசியா வரட்டும்னு. பாயின்ட் வர ஆரம்பிச்சா பசங்க கேக்கமாட்டாங்க” என்றார். அதில் நியாயம் இருக்கிறது. கையால் மட்டும் அடிப்பது குறுக்கு வழி; உடனே பலன் தரும். பன்னிரண்டு வயதில் அந்த வழியில் வெற்றிகள்கூடக் கிடைக்கும். எதிராளியின் பந்து வேகமாகவும் சுழற்சியோடும் வரத் தொடங்கும் வயதில்தான் அது போதாமல் போகிறது. அப்போது பிள்ளை போதாமையை ஈடுகட்ட இன்னும் பலமாகக் கையை வீசும். வலி அங்கே தொடங்குகிறது.

சுழற்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். அது இல்லாமல் இந்த ஆட்டம் இல்லை. மேசையின் நீளம் 2.74 மீட்டர், வலையின் உயரம் 15.25 செ.மீ. பலமாகத் தட்டிய பந்து நேர்கோட்டுக்கு நெருக்கமாகவே போகும். வலையைத் தாண்டினால் மேசையைத் தாண்டிவிடும், மேசையில் விழும்படி தாழ்த்தினால் வலையில் முட்டும். பந்தைக் கீழிருந்து மேலாக, ரப்பரால் உரசிச் செல்லும்படி அடித்தால் அது முன்னோக்கிச் சுழன்றபடி போகிறது. சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை மேல்நோக்கி விலக்குகிறது. காற்று பந்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. மாக்னஸ் விளைவு என்று பதினோராம் வகுப்பில் நடத்துவோம். வலைக்கு மேலே உயர்ந்து போன பந்து, யாரோ பிடித்து இழுத்தாற்போல் மேசையில் இறங்குகிறது. தேர்ந்தவர்கள் அடிக்கும் டாப்ஸ்பின் நொடிக்கு நூறு சுற்றுகளுக்கும் மேல் சுழலும். ஆக, வேகமாக அடிக்கும் உரிமையைச் சுழற்சிதான் வாங்கித் தருகிறது. அந்தச் சுழற்சிக்கு மட்டை மேல்நோக்கிப் பாயவேண்டும். மடங்கிய முழங்கால் நிமிர்வதே அந்தப் பாய்ச்சலின் முதல் படி. நட்டு வைத்த கால் இங்கும் தோளைத்தான் கடனாளி ஆக்குகிறது.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்குப் பின் பந்தின் விட்டத்தை 38 மில்லிமீட்டரிலிருந்து 40ஆக உயர்த்தினார்கள். இரண்டு மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றும். ஆனால் பெரிய பந்து காற்றில் கூடுதலாகத் தடைபடும், அதே அடிக்குக் குறைவாகச் சுழலும். பழைய பலனைப் பெற உடலை இன்னும் கூடுதலாக ஆட்டத்துக்குள் கொண்டுவரவேண்டியதாயிற்று. பழைய ஆட்டக்காரர்களின் காணொளிகளைப் பார்த்துக் கற்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது.

தமிழகத்தில் பிறர் சுட்டிக்காட்டும் உதாரணம் சரத் கமல். சென்னையில் தந்தை ஸ்ரீநிவாச ராவ், சிற்றப்பா முரளிதர ராவ் ஆகியோரிடம் கற்றவர். 2006இல் மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்டில் பர்மிங்காமில், நாற்பது வயதில், இங்கிலாந்தின் லியாம் பிட்ச்ஃபோர்டை 4-1 என்று வென்று மீண்டும் அதே தங்கத்தைப் பெற்றார். 2025இல்தான் ஓய்வு பெற்றார். உயரமான அவர் மேசையிலிருந்து சற்று விலகி நின்று அடிக்கும் ஃபோர்ஹேண்டைக் காணொளியில் ஒலியை நிறுத்திவிட்டு, கையை மறந்து இடுப்பை மட்டும் பாருங்கள். பந்து வருமுன் இடுப்பு பின்னே போயிருக்கும். இருபது ஆண்டுக்கு மேல் ஒரு தோள் உழைத்ததற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தோள் தனியாக உழைக்கவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

பேக்ஹேண்டின் கதை வேறு. அங்கே உடல் திரும்புவதற்கு இடமில்லை. மட்டை வயிற்றுக்கு முன்னாலேயே இருக்கிறது. முழங்கை சற்று முன்னே நீண்டு அச்சாணிபோல் நிற்க, முன்கையும் மணிக்கட்டும் விசிறிபோல் விரிகின்றன. கை மடங்கியிருப்பதால் சுழற்றுவது எளிது. நாற்காலியில் அமர்ந்து சுற்றும் பிள்ளை கைகளைச் சுருக்கிக்கொண்டால் வேகம் கூடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கணக்கு. சத்தியன் மேசையை ஒட்டி நின்று ஆடும் விரைவான ஆட்டத்தில் இதைக் காணலாம். குறுகிய வீச்சுக்கு வேறொரு தேவையும் உண்டு. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும் பந்து மூன்று மீட்டரைக் கடக்க எடுத்துக்கொள்வது 0.2 நொடி. கண் கண்டு உடல் அசையத் தொடங்கவே ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகிவிடும். எதிராளியின் உடலைப் பார்த்து முன்கூட்டியே ஊகித்தால்தான் உண்டு. நீண்டு வீசிய கை திரும்பி வருவதற்குள் பந்து வந்து போயிருக்கும்.

சங்கிலியின் கீழ்க் கண்ணி எவ்வளவு பெரியது என்பதை நினைக்கும்போது வி. சந்திரசேகரின் நினைவு வராமல் இருக்காது. சென்னைக்காரர், மூன்று முறை தேசிய வாகையர், 1982இல் அர்ஜுனா விருது பெற்றவர். 1984இல் முழங்கால் அறுவை சிகிச்சைக்குச் சென்ற இடத்தில் ஏற்பட்ட சிக்கலால் நடை, பேச்சு, பார்வை மூன்றும் பாதிக்கப்பட்டு, அவருடைய ஆட்டம் அன்றோடு முடிந்தது. நீண்ட வழக்கு நடத்தி இழப்பீடு பெற்றார். மெல்ல மெல்ல நடக்கக் கற்று, பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். சத்தியன் உட்படப் பலர் இளம் வயதில் அவரிடம் கற்றவர்கள். 2021இல் கொரோனாக் காலத்தில் காலமானார். தம் கால்கள் மறந்துவிட்ட அசைவுகளை அவர் பிறர் கால்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை எண்ணும்போது எனக்கு வியப்பைவிட மரியாதையே மிகுகிறது.

அதற்கு நேர் எதிரான இன்னொருவர் எகிப்தின் இப்ராஹிம் ஹமத்து. பத்து வயதில் ரயில் விபத்தில் இரு கைகளையும் இழந்தவர். மட்டையை வாயில் கவ்வி ஆடுகிறார். சர்வீஸ் போட, கால்விரல்களால் பந்தைப் பற்றி மேலே எறிகிறார். 2016 ரியோ, 2020 டோக்கியோ பாராலிம்பிக் இரண்டிலும் ஆடினார். மகளுக்கு அவருடைய காணொளியைக் காட்டினேன். முதல் முறை அவர் முகத்தையே பார்த்தாள். இரண்டாம் முறை, “அம்மா, கால் எப்படி ஓடுது பாருங்க” என்றாள். கழுத்து எட்டும் தூரம் சிறிது. ஆகவே ஒவ்வொரு பந்துக்கும் முழு உடலையும் கால்கள் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. கையே இல்லாமல் ஒரு டேபிள் டென்னிஸ் அடி இருக்க முடியும் என்றால் அந்த அடி எங்கிருந்து தொடங்குகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இதற்கு மறுப்பும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: டோக்கியோவில் வெள்ளி வென்ற குஜராத்தின் பவினா படேல் சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடுபவர். கால் தராததை இடம் பார்த்துப் போடும் நுட்பத்தாலும் நிதானத்தாலும் ஈடுசெய்தார். உடல் எந்தக் கண்ணியை இழந்தாலும் வேறு வழி தேடிக்கொள்ளும். இருக்கிற கண்ணியைப் பயன்படுத்தாமல் விடுவது வேறு விஷயம்.

தொழுகையை உடற்பயிற்சியாக விளக்கும் கட்டுரைகள் எனக்கு உவப்பானவை அல்ல; வணக்கம் வணக்கமே. ஆனால் உடலைப் பற்றி நம் மார்க்கம் பேசியிருப்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. மனிதனுக்கு 360 மூட்டுகள் உண்டென்றும், விடியும் ஒவ்வொரு நாளும் மூட்டுகளுக்காகத் தர்மம் செய்யவேண்டியுள்ளது என்றும், லுஹாவின் இரண்டு ரக்அத்துகள் அதற்குப் போதும் என்றும் பொருள்படும் நபிமொழிகள் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளன. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த இளைஞரான அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் உள்ள உரிமையை நபி (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். வணக்கத்திலேயே அளவு கேட்கப்பட்டது. என் கணவர் இதை மகளிடம் சொன்னார். நாத்தனாருக்கும் அதையே பதிலாகச் சொன்னார்: உடலுக்கு உரிமை உண்டு என்பது ஓய்வுக்கும் பொருந்தும், ஓடியாடுவதற்கும் பொருந்தும், நம் பெண் பிள்ளைகளுக்குப் பதினைந்து வயதானதும் உடல் அசைவே நின்றுவிடுகிறதே, அது எந்த உரிமையில் சேரும்? நாத்தனார் அதற்கு உடன்பட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் பத்தாம் வகுப்பு முழுவதும் ஆட்டத்தை நிறுத்துவது என்ற பேச்சு அத்தோடு தணிந்தது.

மாவட்டப் போட்டி அப்போது ஐந்து வாரத்தில் இருந்தது. மகள் இரண்டு ஆண்டாகக் காத்திருந்த பிரிவு. வலி ஓய்வில் குறைந்துவிட்டது. பழைய அடியோடு ஆடினால் ஓரிரு சுற்றுகள் வென்றிருக்கலாம். பயிற்சியாளர் தாமாக எதுவும் சொல்லவில்லை. அவளே மூன்று நாள் யோசித்து, பெயர் கொடுக்க வேண்டாம் என்றாள். போட்டி என்று வந்துவிட்டால் கை முந்திக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்றிரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமி அவளருகில் அமர்ந்து ஊட்டிவிட்டார்.

மூன்று வார ஓய்வில் மருத்துவர் சொன்ன பயிற்சிகளை மட்டும் செய்தாள். கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்புறம் மெல்லத் திருப்புவது. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னே இழுத்துச் சேர்ப்பது. உங்கள் பிள்ளைக்கு என்ன பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவரே சொல்லவேண்டும். இவற்றைப் பார்த்துச் செய்யச் சொல்லாதீர்கள். வலி தொடங்கி இரண்டு வாரம் ஆகியும் போகவில்லை என்றால், பிள்ளை எவ்வளவு மறுத்தாலும், காட்டிவிடுங்கள்.

பின்னர் கூடத்துக்குத் திரும்பியபோது பெரியவர் அவளுக்குப் பந்தே தரவில்லை. மட்டையை இரு கையாலும் மார்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னார். கால், இடுப்பு, மார்பு என்று திரும்புவது மட்டும், கண்ணாடி முன் நூறு முறை. ஒரு வாரம் கழித்து மட்டையை வலக்கைக்கு விட்டார். முழங்கை விலாவை விட்டுப் பிரியக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதற்கும் பிறகு வாளி நிறையப் பந்தோடு எதிரே நின்று, ஒவ்வொன்றாக மெல்லத் தட்டிக் கொடுத்தார். வேகமாக அடித்தால் திட்டு விழுந்தது. அவளைவிடச் சிறிய பையன்கள் பக்கத்து மேசையில் பட்டாசுபோல் அடித்துக்கொண்டிருக்க, இவள் காலடியைப் பார்த்துக்கொண்டு ஆடினாள். அந்த வாரங்களில் அவளிடம் கண்ட பொறுமை என்னிடம் இருந்திருக்குமா என்று ஐயப்படுகிறேன்.

இப்போது நாளொன்றுக்கு இருநூறு ஃபோர்ஹேண்ட், நூற்றைம்பது பேக்ஹேண்ட். எண்ணிக்கையை நோட்டில் எழுதி வைக்கிறாள். சென்ற வாரம் கூடத்திலிருந்து அழைத்துவரப் போயிருந்தேன். பெஞ்சில் அமர்ந்து இரு தொடைகளையும் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். “தோள் இல்லைம்மா, தொடைதான் செம வலி. படி இறங்கவே முடியல” என்றாள். பந்துகளை வாளியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். “தொடையா? ரொம்ப சந்தோஷம் பாப்பா” என்று சொல்லிவிட்டு மறுபடி பொறுக்கத் தொடங்கினார். அடுத்த மாதம் அரக்கோணத்துக்கு மீண்டும் காட்டப் போகவேண்டும். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாள் அதற்கு மூன்று நாள் கழித்து வருகிறது.